ஆடி அமாவாசைக்கு முன் ஒரு சீற்

2025 யூலை 5, சனி

புதுக்குடியிருப்பில் வேலை முடிந்து வீடு வர இருட்டிவிட்டது. பரந்தன் சந்தியில் ஏ-9இல் ஏறியபோதே நோவு தொடங்கிவிட்டது. ஆனையிறவு வெளியில் சோளகம் இடப்பக்கத்தால் தள்ளத் தள்ள, இருந்த இருப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் தாங்கவில்லை. இயக்கச்சியில் இறங்கி நின்றேன். நாரி நோவு என்றால் வயது என்று சொல்லலாம். இது அதற்கும் கீழே, இருக்கும்போது கதிரையில் ஊன்றுகிற அந்த இரண்டு எலும்பும் எரிகிற நோவு. போகவர 200 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும் இந்தப் பாதையை வாரம் ஒருமுறை ஓடுகிறேன். ஓட்டத்தின் கடைசி மணித்தியாலத்தில் என் கவனம் றோட்டில் இல்லை, சீற்றில்தான் இருக்கிறது. இருட்டில் மாடு படுத்திருக்கும் றோட்டில் அது ஆபத்து.

ஆடி அமாவாசைக்கு வழக்கமாகக் கீரிமலைதான். இம்முறை அப்பாவின் கடனைத் திருக்கேதீச்சரத்தில், பாலாவியில் செய்யவேண்டும் என்று அம்மா சொல்கிறா. மனைவியையும் ஏற்றிக்கொண்டு மன்னார் றோட்டால் மோட்டார் சைக்கிளில் போக எனக்கு ஆசை. அதற்குள் சீற்றுக்கு ஒரு வழி பார்க்கவேண்டும்.

யூலை 6, ஞாயிறு

காலையில் சீற்றைக் கழற்றி மாமரத்தடியில் வைத்து உறையைப் பிரித்தேன். அடித்தட்டு பிளாஸ்ரிக், வெடிப்பில்லை. ஸ்பொஞ்தான் முடிந்துவிட்டது. நான் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. விரலால் அமர்த்தினால் தட்டு தட்டுப்படுகிறது, விட்டால் மேலே எழும்ப நேரம் எடுக்கிறது. இந்த ஸ்பொஞ் பொலியூரித்தேன். அதன் உள்ளே உள்ள சிறு சிறு காற்றறைகளின் சுவர்கள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. வெயிலும் ஈரமும் ஓயாத பாரமும் அந்தச் சுவர்களை உடைக்கும். கறுப்பு றெக்சீன் யாழ்ப்பாண வெயிலில் நிற்கும்போது கை வைக்க முடியாது. மாரியில் தையல் துளைகளால் தண்ணீர் இறங்கி, காயாமலே கிடக்கும்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி இந்த வருடத் தொடக்கத்தில்தான் திறந்தது. புதிது வாங்க முடியாமல் பழையதையே பேணி ஓடியவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள், ரயரைப் பார்த்தார்கள், செயினைப் பார்த்தார்கள். சீற்றைப் பார்த்தவர்கள் குறைவு.

யூலை 8, செவ்வாய்

வேலை முடிந்து பட்டினத்தில் உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஆயத்தமாகச் செய்த சீற் இருக்கிறது. தையல் வேலைப்பாடு அழகு, உள்ளே மெத்தை ஸ்பொஞ். கடைக்காரத் தம்பி, “இருந்து பாருங்கோ அண்ணை, பஞ்சு மாதிரி” என்றார். உண்மைதான், கடையில் இருக்கும்போது சுகம். ஆனால் அந்த மென்மை அரை மணித்தியாலத்தில் அமுங்கி முடிந்துவிடும். பிறகு எலும்புக்கும் தட்டுக்கும் நடுவில் எதுவும் இராது. ஜெல் அட்டையும் காட்டினார். பாரத்தைப் பரப்புவதில் ஜெல் கெட்டிக்காரன். ஆனால் வெயிலில் விட்டால் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இலேசில் விடாது. இங்கே மரநிழல் கிடைக்காத இடங்களில் வண்டியை விடுகிற எனக்கு அது சரிவராது.

பஸ், லொறிச் சாரதிகள் போடுகிற மரமணி விரிப்பை நான் மதிக்கிறேன். அது பாரத்தைக் குறைக்காது. காற்றை உள்ளே விடும், வியர்வையைக் காயவைக்கும். நீண்ட ஓட்டத்தில் தோல் அவிந்து எரிவது பாதி வியர்வையால்தான்.

வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்கிற பெரிய பெயர்கள் உண்டு: கலிபோர்னியாவில் கோர்பின், புளோரிடாவில் சார்ஜென்ற். அவர்கள் செய்வது பெரும்பாலும் பெரிய எஞ்சின்களுக்கு. என் 125 சிசிக்கு அங்கே இடமில்லை. ஆனால் கோர்பின் சீற் கடினத்துக்குப் பெயர்பெற்றது என்பதைக் கவனித்துக்கொண்டேன். ஆயிரம் மைலை 24 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அதற்கென்று ஒரு சங்கமே உண்டு. அவர்களிலும் பலர் மெத்தென்ற சீற்றைத் தேடுவதில்லை.

யூலை 11, வெள்ளி

சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தம்பிக்கு 2009இல் முள்ளந்தண்டில் காயம். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. நான் சீற் கதையைச் சொல்ல, அவன் தன் நாற்காலியில் இருந்த காற்றுக் குசனைக் காட்டினான். இறப்பரில் சிறு சிறு காற்றுக் குமிழ்கள், எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று தொடுப்பு. ஒரு குமிழ் அமுங்கினால் அதன் காற்று பக்கத்துக்குப் போகும். எலும்புக்குக் கீழே பாரம் குவியாது. 1970களில் அமெரிக்காவில் றொபேட் கிரேப் என்ற பொறியியலாளர் படுக்கைப் புண் வராமல் தடுப்பதற்காகச் செய்தது இது. றோஹோ என்று பெயர். அதே நிறுவனம் பின்னால் மோட்டார் சைக்கிளுக்கும் ஏர்ஹோக் என்று ஒன்று செய்தது.

“அண்ணை, உங்களுக்கு நோகுது, அதாலை எழும்புறியள். எனக்கு நோகாது. அதுதான் பிரச்சினை” என்றான். நாற்காலியின் கைப்பிடியில் இரு கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, கொஞ்ச நேரம் பிடித்து இறக்கிக் காட்டினான். அப்படித் தூக்கும்போதுதான் நெருக்குண்ட தசைக்கு இரத்தம் திரும்பி ஓடுகிறது. பகல் முழுக்க அவன் இதை விடாமல் செய்கிறான். ஒரு தடவை புண் வந்து மாதக்கணக்கில் குப்புறக் கிடந்தவன். சீற்றைச் சொகுசு என்று பேசுகிறவர்களுக்கு இவனைக் காட்டவேண்டும்.

காற்றுக் குசனில் ஒரு குறையும் சொன்னான்: காற்றுக் கூடினால் பந்தில் இருப்பதுபோல உடம்பு ஆடும், குறைந்தால் தட்டு முட்டும். நாள்தோறும் பார்க்கவேண்டும். வளைவில் ஆடுகிற சீற் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டாம். ஆனால் பாரத்தைப் பரப்பு, இடைக்கிடை எழும்பு என்ற அவனுடைய இரண்டு சொல்லையும் எடுத்துக்கொண்டேன்.

யூலை 12, சனி

குசன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற அண்ணை அந்த நாளில் எம்.டி. 90க்குச் சீற் அடித்துத் தொழில் பழகியவர். ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த அந்த ஹொண்டா, யாழ்ப்பாணத்தில் குடும்பத்தையே சுமந்த வண்டி. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்பொஞ் இல்லாமல் தும்பு அடைத்தும் தைத்தோம் என்றார்.

சீற்றை அவர் கையில் வாங்கவில்லை. “முதல்ல வண்டியில ஏறி இருங்கோ. காலை நிலத்தில வையாதையுங்கோ, பெடல்ல வையுங்கோ” என்றார். பக்கத்தில் நின்று முழங்கால் மடிப்பைப் பார்த்தார், கை நீட்டத்தைப் பார்த்தார். பழைய சீற் முன்பக்கம் சரிந்திருந்ததால் நான் ரேங்கோடு போய் ஒட்டுகிறேன், அதனால் பாரம் முன்தொடைக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது என்று கண்டுபிடித்தார். எனக்கு மணிக்கட்டும் நோவதை நான் அவருக்குச் சொல்லியே இருக்கவில்லை.

எலும்பு ஊன்றும் இடத்தைச் சோக்கால் குறித்து, பழைய ஸ்பொஞ்சை அந்த அளவுக்கு வாள் அலகால் வெட்டி எடுத்தார். அங்கே வைப்பதற்கு இரண்டு விதம் காட்டினார். ஒன்று வெட்டுத்துண்டுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த கட்டி ஸ்பொஞ். மற்றது வாகன இருக்கைக்கு வருகிற அடர்த்தியான ஸ்பொஞ். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கனமீற்றரில் எத்தனை கிலோ சரக்கு இருக்கிறது என்பது. அது கூடினால் நெடுநாள் குழியாது. கடினம் என்பது அமர்த்தும்போது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது. அடர்த்தி கூடிய ஆனால் அளவாக அமுங்குகிற ஸ்பொஞ்தான் நீண்ட ஓட்டத்துக்கு வேண்டியது. கீழே கட்டி ஸ்பொஞ் ஒரு படை, நடுவில் அடர்ந்தது, மேலே விரலளவு மென்மை. பின்பக்கம் அகலம் கூட்டி, முன்சரிவை மட்டமாக்கினார். முன்முனையை மட்டும் ஒடுக்கினார், கால் நிலத்தைத் தொடவேண்டும் என்று.

“உறை இப்ப அடிக்கமாட்டன். பொலித்தீன் சுத்தித் துணி கட்டித் தாறன். ஓடிப்போட்டு வாங்கோ. நல்லூர்க் கொடியேற முதல் வரவேணும்.”

யூலை 16, புதன்

துணி கட்டிய சீற்றோடு புதுக்குடியிருப்பு போய்வந்தேன். ஏறி இருந்தபோது பலகைபோல இருந்தது. விசுவமடு தாண்டியும் அது அப்படியேதான் இருந்தது, கூடவில்லை, குறையவில்லை. திரும்பும்போது மணிக்கட்டு நோவு இல்லை. இடது பக்கம் ஓரம் கொஞ்சம் தொடையில் வெட்டியது.

பின்னேரம் இவளை ஏற்றிக் கொடிகாமம் வரை ஓடினேன். “பிறேக் பிடிக்கேக்கை நான் உங்கடை முதுகில வந்து விழுறன். பிடிச்சுக்கொண்டு இருந்து என்ரை தோள் நோகுது” என்றாள். பின் சீற் முன்னுக்குச் சரிவு. கடைகளில் ஒருவர்கூடப் பின்னால் இருக்கிறவரைப் பற்றிக் கேட்கவில்லை. ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஹாண்டில் இருக்கிறது. பள்ளம் வருவதும் முன்கூட்டித் தெரியும். பின்னால் இருக்கிறவர் எதுவும் காணாமல் குலுக்கலை முழுதாக வாங்குகிறார். நல்ல ஸ்பொஞ் அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

யூலை 19, சனி

இவளும் கடைக்கு வந்தாள். அண்ணை பின்பகுதியை மட்டமாக்கி, இருவருக்கும் நடுவில் ஒரு சிறு மேடு விட்டார். இடது ஓரத்தை உருட்டினார். பிறகு பொலித்தீன் படை, அதன்மேல் வழுக்காத சொரசொரப்பு றெக்சீன். எலும்பு ஊன்றும் இடத்தில் தையல் வராமல் மூட்டைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். தண்ணீர் இறங்குவதும் தையலால், தோல் உரசுவதும் தையலால். கறுப்பு வேண்டாம், சாம்பல் நிறம் போடுங்கள் என்றேன்.

யூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

விடியுமுன் புறப்பட்டோம். நாவற்குழியில் திரும்பி, தனங்கிளப்பு, கேரதீவு தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலம். 2011இல் திறக்கும்வரை இந்தக் கடலைக் கடக்கப் பாதைப்படகுதான். இன்று 288 மீற்றர், நொடியில் முடிகிறது. பூநகரிக்குப் பிறகு சோளகம் முகத்திலேயே அடித்தது. எதிர்காற்றில் உடம்பு பின்னுக்குப் போகப் பார்க்கும். வழுக்காத சீற்றின் அருமை அப்போதுதான் தெரிந்தது. வெள்ளாங்குளத்தில் இறங்கித் தேத்தண்ணீர் குடித்தோம். நோவு வந்து நிறுத்தவில்லை. தம்பி சொன்னபடி, வருமுன் நிறுத்தினோம்.

பாலாவியில் சனம். அப்பாவின் கடன் முடிந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அழுதா. திரும்பி வந்து கொழும்புத்துறையில் வீட்டு வாசலில் இறங்கியபோது இருவருக்கும் களைப்பு இருந்தது, எரிவு இல்லை. “அடுத்தது திருகோணமலை” என்கிறாள்.

யூலை 27, ஞாயிறு

கந்தோரில் கேட்கிறார்கள், எந்தக் கடை, எந்தச் சீற், என்ன விலை என்று. என் சீற் இன்னொருவருக்குச் சரிவராது. என் பாரமும் காலின் நீளமும் அவருக்கு இல்லை. ஆயத்தச் சீற்றின் விலையைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்: பழைய தட்டை எறியாதீர்கள். சீற்றைக் கழற்றிப் பையில் போட்டு யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். வண்டியோடு, பின்னால் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். உறை அடிக்குமுன் ஒரு முழு நாள் ஓடிப் பாருங்கள். மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் செய்துவிடுங்கள்.