தாத்தா அறையில் ஊதா வெளிச்சம்

எங்கள் டெஸ்க்கில் ஒரு வழக்கம். ஆன்லைனில் பரபரப்பாக விற்கும் ஏதாவது ஒரு பொருளை வாங்கி, வீட்டில் பயன்படுத்திப் பார்த்து எழுத வேண்டும். போன மாதம் என் முறை. நான் எடுத்தது யுவி எல்இடி பல்பு.

சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம், கிருமிகளைக் கொல்லும், கண்ணுக்குத் தெரியாத கறைகளைக் காட்டும் என்றது விளம்பரம். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான். தாத்தா அறையில் சில வாரங்களாக ஒரு வாடை. "பூனைம்மா. ஜன்னல் வழியா வருது" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் 395 நானோமீட்டர் என்று இருந்தது. கிருமி கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் ஃபில்டரிலும் கிருமி கொல்லும் பாதரசக் குழல் விளக்குகள் 254 நானோமீட்டரில் வேலை செய்பவை. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். 395 என்பது நாம் பார்க்கும் ஊதா நிறத்துக்குப் பக்கத்து வீடு. அதை நம்பி நோயாளி அறையைச் சுத்தம் செய்ய முடியாது. விளம்பரம் பொய்யாக இருந்ததும் நல்லதுக்குத்தான். நிஜமாகவே 254 பல்பை மாட்டி அதன் கீழே உட்கார்ந்திருந்தால், வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு ஆவதைப் போல, சில மணி நேரத்தில் கண்ணில் மணலைக் கொட்டியது மாதிரி உறுத்தியிருக்கும்.

ஞாயிறு இரவு. தாத்தா ஹாலில் டிவி முன்னால். நான் ஸ்டூல் போட்டு, அவர் அறையிலிருந்த 9 வாட்ஸ் பல்பைக் கழற்றி, இதை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

முதலில் ஏமாற்றம். மங்கலான ஊதா, அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் பனி மூடியது போல இருந்தது. இந்த ஒளி பட்டால் நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே லேசாக ஒளிருமாம். அதனால்தான் அந்த மூட்டம். பல்பை நேராகப் பார்க்கவே கூடாது.

கண் பழகியதும் அறை வேறு அறையானது. கொடியில் கிடந்த வேட்டி நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. சோப்புத்தூளில் வெளுப்புக்காகச் சேர்க்கும் ரசாயனத்தின் வேலை அது. என் பர்ஸிலிருந்த 500 ரூபாய் நோட்டை நீட்டினேன். வரிசை எண்கள் ஒளிர்ந்தன, தாளுக்குள் குட்டிக் குட்டி இழைகள் மின்னின. மருந்து டப்பாவில் உடைந்துகிடந்த பி காம்ப்ளக்ஸ் பொடிகூட மஞ்சளாக ஒளிர்ந்தது. கட்டுரைக்கு இது போதும் என்று குஷியாக போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன்.

ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் டைல்ஸ் இடுக்குகளில் வெளிறிய மஞ்சள் திட்டுகள். சொட்டுச் சொட்டாக ஒரு பாதை. பாத்ரூம் வாசலுக்கு ஒரு அடி முன்னால் பெரிய திட்டு, அதன் மேல் துணியால் இழுத்துத் துடைத்த வளைவுகள். டைல்ஸ் சுத்தமாகியிருந்தது, இடுக்கு விடவில்லை. தரை துடைக்கும் லோஷன்கூட இப்படி ஒளிரலாம் என்பதால் மண்டியிட்டு மோந்து பார்த்தேன். பார்த்ததை எழுது என்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்கள். மோந்து பார்த்ததைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கட்டிலுக்கு அடியில், மூலையில், சுருட்டி வைத்த பழைய பனியன்.

கதவு திறந்தது. தாத்தா. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். இருட்டிலேயே பேசினார்.

"ராத்திரியில மூணு நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு. லைட்டைப் போட்டா உங்க அம்மா முழிச்சிப்பா. தட்டுத் தடவிப் போறதுக்குள்ள வந்துடுது. அவகிட்ட சொல்லாதம்மா."

78 வயதில், இருட்டில் குனிந்து தரையைத் துடைத்திருக்கிறார். ஈரத் தரையில் வழுக்கியிருந்தால்? சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. எடுத்த போட்டோக்களை மட்டும் அவர் முன்னாலேயே அழித்தேன்.

மறுநாள் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். பாத்திரத்தைத் தேய்த்தபடியே, "தெரியும்டி" என்றார். "நான் எழுந்திரிக்கும் முன்னாடியே மாமா வேட்டியை அலசிக் காயப் போட்டிருக்கார். மருமக போய்க் கேட்டா மனுஷன் கூசிப்போயிடுவாரேன்னுதான் வாயத் திறக்கல. நீ பேத்தி, நீ கேக்கலாம்."

தாத்தாவை டாக்டரிடம் கூட்டிப் போனது நான்தான். ஸ்கேன் பார்த்தார்கள். புராஸ்டேட் வீக்கம். வயதான ஆண்கள் பலருக்கும் வருவதுதான், இதற்கா இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார் டாக்டர். இப்போது ராத்திரியில் ஒரு தடவை எழுந்திருக்கிறார், சில நாள் இரண்டு. பாத்ரூம் வழியில் சின்னதாக ஒரு நைட் லேம்ப் போட்டிருக்கிறோம். சாதாரண மஞ்சள் வெளிச்சம். ஊதா பல்பு பீரோவுக்கு மேலே பெட்டியில் கிடக்கிறது.

இதை எழுதலாமா என்று தாத்தாவிடம் கேட்டேன். எழுதி முடித்ததும் முழுசாகப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "எல்லாம் சரிதான். ஆனா ஒரு நாள் பூனை வந்தது நிஜம், அதையும் போடு" என்றார்.

போட்டுவிட்டேன், தாத்தா.