அம்மம்மாவின் குரல் எங்கே?

உங்கள் வீட்டுக் கணினி எப்போதாவது ஊமையாகி இருக்கிறதா? எங்கள் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நடந்தது.

ரொறன்ரோவில் காலை 9 மணி. யாழ்ப்பாணத்தில் மாலை 6.30. திரையில் அம்மம்மா தெரிந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "அம்மம்மா, கேக்கேல்லை!" என்று கத்தினேன். அவருக்கும் என் குரல் கேட்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

திரையின் மூலையில் சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதன் மேல் கோடு விழுந்திருந்தால் சத்தம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கணினியில் கோடு இல்லை. சரி, நிறுத்திவிட்டு மறுபடி போடுவோம் என்று நினைத்தேன். பல கோளாறுகளுக்கு அதுதான் மருந்து.

அதற்குள் அண்ணா அறையிலிருந்து ஓடி வந்தார். "தங்கச்சி, என்ர ஹெட்போனுக்குள்ள அம்மம்மா கதைக்கிறா!"

அவருடைய புளூடூத் ஹெட்போன் தானாகவே கணினியோடு இணைந்திருந்தது! அதில் மைக்கும் இருப்பதால் என் குரலும் போகவில்லை. சத்தம் எதன் வழியாகப் போகிறது என்று அந்த ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தியே பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது தெரியும்.

அண்ணா ஹெட்போனை நிறுத்தினார். உடனே கணினியில் குரல் வந்தது.

"ஏன் பிள்ளை கதைக்கேல்லை? என்னோட கோவமோ?"