புஜம் துடித்தால்

ஆணுக்கு வலது பக்கம் துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடது பக்கம் துடித்தால் நல்லது என்பது நம் பக்கத்துக் கணக்கு. சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. இந்திர விழா முடியும்போது கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது, மாதவிக்கு வலக்கண். யாருக்கு என்ன நடக்கப்போகிறது என்று இளங்கோ அங்கேயே கோடு காட்டிவிடுகிறார். கழுத்தில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில் என் வலது மேல்கையின் பின்பக்கச் சதை தானாகத் துடிக்க ஆரம்பித்தபோது வீட்டில் சொன்னதும் அதுதான். "வலது புஜம்தானேங்க? ஏதோ பணம் வரப்போகுது." வரவில்லை. ஆஸ்பத்திரி பில்லில் இன்சூரன்ஸ் கழித்த மிச்சத்தைக் கட்டியதுதான் நடந்தது.

துடிப்பு என்றால் கை ஆடாது, வலிக்காது. பனியனோடு உட்கார்ந்து பார்த்தால் முழங்கைக்கு ஒரு சாண் மேலே, விரல் நுனி அகலத்துக்குத் தோலுக்கடியில் ஏதோ ஒன்று எழுந்து அடங்கும். நாலைந்து முறை விட்டுவிட்டு அடிக்கும், நிற்கும், அரை அங்குலம் தள்ளி மறுபடி அடிக்கும். கையை முறுக்கினால் ஓடிவிடும். தளர்த்திப் போட்டால் வந்துவிடும். இரண்டு டீ கூடக் குடித்த நாளிலும் தூக்கம் கெட்ட நாளிலும் கச்சேரி பலமாக இருக்கும்.

கழுத்துக்கு வருகிறேன். வல்லக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகிற சாலையில் எங்கள் ஊர். ஒரு பக்கம் வல்லம் வடகால் சிப்காட், இன்னொரு பக்கம் ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு லாரி, புல்லட், டயர் என்று இந்த வட்டாரமே ஒரு நீளமான அசெம்பிளி லைன் ஆகிவிட்டது. நான் இப்போது ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் வேறோர் ஆலையில் அண்டர்பாடி ஸ்டேஷன். வண்டி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே டார்க் கன்னைத் தோளுக்கு மேல் தூக்கி போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கி முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். ஒரு வண்டிக்கு இத்தனை விநாடி என்று கட்டிவைத்திருப்பார்கள். சைக்கிள் டைம் என்பார்கள். கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது நரம்பு வெளியே வருகிற துவாரம் இன்னும் குறுகும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால்தான் டிஸ்க் போனது என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார், தரவும் முடியாது. வயதுத் தேய்மானம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அண்டர்பாடியில் இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிற இடத்தில், கழுத்தை மெல்லப் பக்கவாட்டில் சொடக்கிக்கொள்ளாதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

கழுத்தில் எலும்பு ஏழு, இரு பக்கமும் நரம்பு எட்டு எட்டு. எனக்கு ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே இருந்த டிஸ்க் பிதுங்கி ஏழாவது நரம்பை அழுத்தியது. அந்த நரம்பின் ஆட்சி மேல்கையின் பின்சதையிலும் நடுவிரலிலும். ட்ராலியைத் தள்ளும்போது வலது முழங்கை நிற்காமல் மடங்கிக்கொண்டதில்தான் முதலில் விஷயம் தெரிந்தது. மாத்திரை, பிசியோ, காலர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கத்தி. கழுத்தின் முன்பக்கம் தோல் மடிப்போடு சின்னதாகக் கீறி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கி வைத்துவிட்டு, டிஸ்கை எடுத்து, அந்த இடத்தில் ஒரு கேஜ் வைத்து, டைட்டானியம் பிளேட் போட்டு முடுக்கிவிடுவார்கள். 1950களில் அமெரிக்காவில் வந்த முறை. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: "வலி பின்னாடி, வெட்டு எதுக்கு முன்னாடி?" கம்மிப்போன குரலில் நான் எத்தனை பேருக்குத்தான் விளக்குவது. முதுகுத்தண்டுக்குள் ஓடுகிற பெரிய நரம்பைத் தொடாமல் டிஸ்கை அடைய முன்வாசல்தான் சுலபம்.

வலி ஆபரேஷன் தியேட்டரிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் துடிப்பு வந்தபோது கதிகலங்கிப் போனேன். அழுத்தம் எடுத்தாயிற்று, பிளேட்டும் போட்டாயிற்று, இனி எதற்குத் துடிக்க வேண்டும்? ராத்திரி போனில் தேடினால் மோட்டார் நியூரான் நோய் என்று வருகிறது. இன்னும் கொஞ்சம் தேடினால் நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். ராமமூர்த்தி என்றால் 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்த அதே பி. ராமமூர்த்திதான். இளம் வயதில் வரும், கை கால் சதை வற்றும், காது மந்தமாகும், ஆனால் மற்ற வகையைப் போல அவசரப்படாது, பல வருடம் விட்டுவைக்கும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. இருந்தும் அன்றைக்கு மின்விசிறிச் சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

டாக்டர் என் பயத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஊசி டெஸ்ட் எழுதித் தந்தார். முதலில் தோலில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைச் சதைக்குள் இறக்கி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள். என் கையின் சத்தத்தை நானே கேட்டேன். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். மருத்துவப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். மேல்கை, முன்கை, தொடை என்று ஊசி போட்டார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஏழாவது நரம்பின் கீழ் வருகிற சதையில் மட்டும்தான் சத்தம். தொடையில் நிசப்தம். மோட்டார் நியூரான் நோயாக இருந்தால் ஒரு நரம்பின் எல்லைக்குள் அடங்கி நிற்காது, சம்பந்தமில்லாத சதையிலும் வற்றலும் பலவீனமும் பரவும், சுத்தியால் தட்டினால் கை எகிறும். எனக்கு அந்த முழங்கைத் துள்ளல் இருக்க வேண்டிய அளவுகூட இல்லை. வெறும் துடிப்பு மட்டும் இருந்து வேறெதுவும் இல்லாத 121 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2 முதல் 32 வருடம் வரை கவனித்து, அவர்களில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை என்று 1993-ல் எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். என் கதை அந்த ரகம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டில் இரண்டு இட்லி அதிகமாக இறங்கியது.

துடிப்புக்குக் காரணம் இதுதான். நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரத்தில், சில மாதத்தில் சரியாகும். உள்ளே இருக்கிற இழையே பட்டுப்போயிருந்தால் கழுத்திலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து மேல்கைக்கு வரவே மாதங்கள் ஆகும், விரல் நுனிக்கு என்றால் இரண்டு வருடம். இதற்கிடையே பிழைத்த இழைகள் கிளை விட்டு, தொடர்பு அறுந்த தசைநார்களையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரே இழையின் கீழ் ஆள் கூடிவிடுவதால், அது எப்போதாவது தானாக உசும்பினால் தோலுக்கு மேலேயே தெரிகிறது. துடிக்கிற சதையில் ஏதோ ஒரு நரம்பு இன்னும் வேலை பார்க்கிறது. சைக்கிள் டைமில் அரை விநாடி குறைக்க மாதக்கணக்கில் மீட்டிங் போடுகிற வட்டாரத்தில் இருந்துகொண்டு, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதை ஜீரணிக்க எனக்கு நேரம் பிடித்தது.

"துடிக்குதான்னு பார்க்காதீங்க சார், பலம் இருக்கான்னு பாருங்க" என்றார் டாக்டர். குவாலிட்டிக்காரனிடம் இதைச் சொன்னால் அளக்காமல் விடுவானா? வீட்டு எடை மெஷினைச் சுவரில் சாய்த்துவைத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையால் தள்ளி, முள் எங்கே நிற்கிறது என்று ஞாயிறுதோறும் குறித்துவைக்கிறேன். முதலில் வலது கை இடது கையில் பாதிகூடத் தள்ளவில்லை. இப்போது முக்காலுக்கு வந்திருக்கிறது. துடிப்பு மட்டும் குறையவே இல்லை.

நடுவில் ஒரு கிளைக்கதை. சுண்டுவிரல் மரத்துப்போனது. போச்சு, அடுத்த டிஸ்க் என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணமும் உண்டு. ஓர் இடத்தில் எலும்பைச் சேர்த்துவிட்டால் அதற்கு மேலும் கீழும் இருக்கிற டிஸ்குக்கு வேலை கூடும். ஆண்டுக்கு நூற்றில் மூன்று பேர் அளவில் பக்கத்து மட்டத்தில் தொந்தரவு வருகிறது என்று 1999-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. டாக்டர் கழுத்தைப் பார்க்கவே இல்லை. பேனா மூடியால் என் மோதிர விரலை இரு பக்கமும் வருடினார். சுண்டுவிரலை ஒட்டிய பாதி மரத்திருந்தது, மறுபாதிக்கு நன்றாக உணர்ச்சி இருந்தது. ஒரே விரலில் பாதிக்குப் பாதி பிரிந்தால் பெரும்பாலும் கோளாறு முழங்கையில்தான், கழுத்தில் இல்லை. காலர் போட்டுக்கொண்டு, முழங்கையைச் சேரின் கைப்பிடியில் ஊன்றி, மணிக்கணக்கில் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்ததற்குக் கிடைத்த கூலி. ஏற்கெனவே மேலே நசுங்கிய நரம்பு கீழே இன்னோர் இடத்திலும் சீக்கிரம் நசுங்கும் என்று 1973-லேயே இருவர் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இன்றும் அது விவாதத்தில்தான் இருக்கிறது. என் வைத்தியம் விவாதம் இல்லாதது. ராத்திரி முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். சரியாகிவிட்டது.

கோயிலுக்கும் போய்வந்தேன். வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். அருணகிரிநாதர் பாடிய தலம். கிருத்திகைக் கூட்டத்தில் கிட்டத்தில் போய் நின்றால் என் கழுத்துக்கு முகம் எட்டவில்லை. பின்னால் நகர்ந்து கம்பத்தருகே நின்றுதான் முழுதாகப் பார்த்தேன். தலையைத் திருப்புவதில் கஷ்டம் இல்லை. அதில் பாதி வேலையை மேலே இருக்கிற முதல் இரண்டு எலும்புகளே பார்த்துக்கொள்கின்றன. அண்ணாந்து பார்ப்பதுதான் இனி அளவோடு. அண்டர்பாடியில் அதைப் போதும் போதும் என்கிற அளவு செய்துவிட்டதால் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். எங்கள் மாடி அறையில் தங்கியிருக்கிற பையன்களில் ஒருவன், அப்ரண்டிஸ், கையைக் காட்டினான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை பள்ளமாகியிருந்தது. வலி இல்லையாம். மார்கழிக் குளிரில் சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லையாம். "தூங்குறப்ப அமுங்கியிருக்கும்ணா" என்றான். நான் பயந்துபோய் சென்னைக்கு அனுப்பினேன். கழுத்தைக் குனியவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 1959-ல் ஜப்பானில் ஹிராயாமா கண்டெழுதிய நோய். நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரிதேவி 1984-ல் இதே ரகத்தை விவரித்திருக்கிறார். இருபதை ஒட்டிய ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். குனியும்போது தண்டுவடம் அழுந்திக் கை சதை கரையும். சில வருடத்தில் தானாக நின்றுவிடும், கரைந்தது மட்டும் திரும்பாது. அவனுக்குக் காலர் போதும், குனியாமல் இரு என்றார்கள். அவன் வேலையோ நாள் முழுக்கக் குனிந்து வயரிங் கனெக்டர் செருகுவது. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்த்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. இடத்தையாவது மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டான், பார்க்கலாம் என்றார்கள். இதை எழுதுகிற வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் அதைப் பலர் காய்ச்சல் மாத்திரை வாங்குகிற அட்டை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் அதில் இருக்கிறீர்கள், காண்ட்ராக்ட் என்றாலும்தான். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். டிஸ்க் பிதுங்கலும் தண்டுவட அழுத்தமும் நீண்ட நாள் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. தொடர்ந்து இரண்டு வருடம் சந்தா கட்டியவருக்கு 80 சதவீதம், தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரை. நரம்பு விரல் நுனிக்கு வந்துசேர ஆகிற அதே காலம். யார் கணக்குப் போட்டார்களோ, சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு: கை துடித்தால் ராத்திரி போனில் தேடாதீர்கள். கையில் இருக்கிற பொருள் நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் ஓ.டி.க்காக ஆறாவது வாரமே டார்க் கன்னைத் தூக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய், எக்ஸ்டென்டட் சிக்னஸ் பெனிஃபிட் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்கு அதை யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.