பார்க்கலாம்



நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'பார்க்கலாம்'. கேட்டவர் மனம் நோகாமல் மறுக்கவும், சிந்திக்கச் சற்றுக் காலம் பெறவும் இச்சொல் உதவுகிறது. ஆயினும் இந்த மென்மையான சொல்லே எங்கள் குடும்பத்தின் தொழிலை முடித்துவைத்தது. அந்த நிகழ்வை இப்பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் சொந்த ஊர் சங்கரன்கோவில். அங்கே என் தந்தையார் சிறிய புகைப்பட நிலையம் ஒன்றை நடத்திவந்தார். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்களே எடுக்க முடிந்த காலம் அது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அவர் எண்ணி எண்ணி எடுப்பார். கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் சிவப்பு விளக்கின் ஒளியில் தாமே கழுவுவார். நெகட்டிவில் தென்படும் சிறு குறைகளைக் கூர்மையான பென்சில் முனையால் சரிசெய்வார். திருமண நாள்களில் நள்ளிரவு கடந்தும் உழைப்பார். சோம்பல் என்பதை அவரிடம் நான் ஒருநாளும் கண்டதில்லை.

2003ஆம் ஆண்டில் எங்கள் தெருவிலேயே ஓர் இளைஞர் டிஜிட்டல் கேமராவும் கணினியும் வைத்துப் புதிய கடை திறந்தார். அங்கே பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. எங்கள் கடையில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். "நாமும் டிஜிட்டலுக்கு மாறிவிடலாமா அப்பா?" என்று கேட்டேன். "பார்க்கலாம் அம்மா, ஆடித்தபசு முடியட்டும்" என்றார். எங்கள் ஊர்த் திருவிழாவான ஆடித்தபசுக்குப் பெருங்கூட்டம் வரும்; கடையிலும் வேலை மிகும். திருவிழா முடிந்தது. ஆவணியில் திருமணங்கள் வந்தன. புரட்டாசியில் புதிய செலவு வேண்டாம் என்றார். மார்கழியில், தை பிறக்கட்டும் என்றார். தையும் பிறந்தது, முடிவு மட்டும் பிறக்கவில்லை.

அவர் கூறிய காரணங்கள் அனைத்தும் அறிவுடையனவாகவே தோன்றின. டிஜிட்டல் கேமராவின் விலை ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருந்தது. ஆகவே காத்திருப்பதே சிக்கனம் என்று எண்ணினார். விலை குறைந்தது உண்மைதான். ஆனால் அவர் காத்திருந்த அதே காலத்தில் வாடிக்கையாளரும் குறைந்துகொண்டிருந்தனர். முதற்குறைவைக் கணக்கிட்டவர், இரண்டாம் குறைவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் என் பிழையும் உண்டு. 2004இல் நான் திருநெல்வேலியில் முதுகலை பயின்றேன். கேமரா விலையையும் வங்கிக் கடன் பற்றிய விவரத்தையும் கேட்டுவருமாறு தந்தையார் என்னிடம் கூறியிருந்தார். அவர் ஓரடி எடுத்துவைத்த நேரம் அது. "தேர்வு முடியட்டும் அப்பா, பார்க்கலாம்" என்றேன். தேர்வு முடிந்தது, பி.எட். வகுப்பு தொடங்கியது. நான் கேட்கவே இல்லை. அவரும் மறுமுறை நினைவூட்டவில்லை.

2007இல் கடையை மூடினோம். சில மாதங்களுக்குப் பின் அந்த இளைஞரே எங்கள் வீட்டுக்கு வந்து, "ஐயா, உங்களைப் போல் விளக்கு வைக்க எனக்குத் தெரியாது, நீங்கள் வர வேண்டும்" என்று தந்தையாரை அழைத்துச் சென்றார். தம் கைத்திறனுக்கு மதிப்புக் கிடைத்ததில் அவர் மகிழ்ந்தார். எனினும் ஒருநாள் இரவு உணவின்போது, "தவறான கேமராவை வாங்கியிருந்தால்கூட ஒரு பாடம் கிடைத்திருக்கும். வாங்காமலே இருந்ததால் அதுவும் கிடைக்கவில்லை" என்றார். அச்சொற்கள் இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றன.

சிறிய கடைக்கு நேர்ந்த இது பெரிய நிறுவனத்துக்கும் நேர்ந்திருக்கிறது. தந்தையார் வாங்கிய ஃபிலிம் சுருள்கள் மஞ்சள் பெட்டியில் வரும். அவை அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தினுடையவை. 1975இல் டிஜிட்டல் கேமரா ஒன்றை உருவாக்கியவர் அந்நிறுவனத்தின் பொறியாளரான ஸ்டீவன் சாசன். ஏறத்தாழ 3.6 கிலோ எடையுள்ள அக்கருவி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. புதிய வழி முதலில் தம் வீட்டு வாசலில்தான் திறந்தது. ஆயினும் இலாபத்தின் பெரும்பகுதி ஃபிலிமில் இருந்ததால், அவ்வழியில் முழுமனத்துடன் நடக்க நிறுவனத்தார் தயங்கினர். பிற்காலத்தில் டிஜிட்டல் கேமராக்களை அவர்களும் விற்றனர். ஆனால் பழைய இலாபத்தை விட மனம் வரவில்லை. 2012 சனவரியில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

அப்படியானால் எதையும் உடனே செய்துவிட வேண்டுமா? இல்லை. திருக்குறளில் 'வினைசெயல்வகை' என்னும் அதிகாரத்தின் முதலிரு குறள்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. ஆராய்ச்சி என்பது ஒரு முடிவில் சென்று நிற்க வேண்டும். முடிவு செய்தபின் காலம் தாழ்த்துவது தீது என்பது முதற்குறளின் கருத்து. பொறுத்துச் செய்ய வேண்டியதைப் பொறுத்துச் செய்க. பொறுக்கக் கூடாததைப் பொறுக்காமல் செய்க என்பது அடுத்த குறளின் கருத்து. அங்கே முடிவைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் 'துணிவு'. இன்று அச்சொல்லுக்கு அஞ்சாமை என்று பொருள் கொள்கிறோம். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் உறைவது பொருத்தமே. முடிவெடுக்கச் சிறிதேனும் அஞ்சாமை வேண்டுமன்றோ?

இப்போது நான் பணிபுரியும் புனே நகரின் கட்கிப் பகுதியில் தமிழர் பலர் வாழ்கின்றனர். என் மாணவி ஒருத்தியின் தாயார் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து நாளொன்றுக்கு 14 கிலோ விற்றுவந்தார். கடை ஒன்றை வாடகைக்கு எடுப்பதா வேண்டாவா என்று ஆறு மாதமாகத் தயங்கினார். முன்பணத்துக்காகச் சேர்த்த தொகை பெட்டியிலேயே இருந்தது. அதனால் பழுதடைந்த கிரைண்டரைக்கூட மாற்றவில்லை. "என்ன செய்வதென்றே தெரியவில்லை டீச்சர்" என்று ஒருநாள் வருந்தினார்.

அவர் மகளின் குறிப்பேட்டில் மூவரும் அமர்ந்து கணக்கெழுதினோம். கடை வாடகை மாதம் ரூ.7,500; மின்சாரமும் பிற செலவும் ரூ.1,500, ஆக ரூ.9,000. ஒரு கிலோ மாவில் கிடைக்கும் இலாபம் ரூ.15. எனவே நாள்தோறும் கூடுதலாக 20 கிலோ விற்றால்தான் கடைச் செலவே ஈடாகும். அதற்கு மேல் விற்பதே வருவாய். பக்கத்தின் அடியில் முடிவு நாளையும் குறித்தோம்: பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அதுவரை, கடை உரிமையாளரின் இசைவோடு, மாலை நேரத்தில் கடைவாசலில் மேசை போட்டு விற்றுப் பார்ப்பது என்று திட்டமிட்டோம்.

கூடுதலாக விற்றது நாளுக்கு 8 கிலோ மட்டுமே. ஞாயிறு வந்தது. "கடை எனக்கு வேண்டாம்" என்று அவர் உரிமையாளரிடம் நன்றியுடன் கூறிவிட்டார். பெட்டியில் முடங்கியிருந்த பணத்தில் பெரிய கிரைண்டர் வாங்கி, அருகிலுள்ள இரண்டு மளிகைக் கடைகளுக்கு மாவு கொடுக்கத் தொடங்கினார். 'வேண்டாம்' என்பதும் ஒரு முடிவே என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். அம்முடிவுதான் அடுத்த வழியைத் திறந்தது.

என் தந்தையாருக்கு அறிவும் உழைப்பும் குறைவாக இருக்கவில்லை. குறையாக இருந்தது ஒரு நாள்காட்டிக் குறிப்பே. நாள் குறிக்கப்பட்ட சிந்தனை ஆராய்ச்சியாகிறது. நாள் குறிக்கப்படாத சிந்தனை ஒத்திவைப்பாகிறது. நாம் முடிவெடுக்காதபோது நமக்காகக் காலம் முடிவெடுத்துவிடுகிறது.

மாணவர்களே, உங்கள் பெற்றோரும் பிழைப்புக்காகத் தொலைவில் வந்து குடியேறிய ஒரு பெரிய முடிவை எடுத்தவர்களே. அதனை எப்படி எடுத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எந்த நாளில் துணிந்தார்கள் என்று இன்று மாலை அவர்களிடம் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி வாருங்கள். 'நாளை எழுதலாம், பார்க்கலாம்' என்று தோன்றினால், இப்பாடத்தின் தலைப்பை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.