அரைப்பேரும் ஆறு கிராமும்

பேராதனை மருத்துவ பீடத்து உடற்றொழிலியல் செய்முறை வகுப்பை நினைத்தால் எனக்கு முதலில் புகைக்கரிதான் மணக்கும். உருளையில் வழவழப்பான தாளைச் சுற்றி, புகைகிற சுவாலையில் காட்டிக் கரி ஏற்ற வேண்டும். தவளையின் கெண்டைத்தசை சுருங்கும்போதெல்லாம் ஊசிமுனை அந்தக் கரியில் வெள்ளைக் கோடு கீறும். பிறகு தாளை வார்னிஷில் தோய்த்துக் காயப்போடுவோம். அங்கே அப்போது பேராசிரியராக இருந்த வலன்டைன் பஸ்நாயக்க பியானோ வாசிப்பிலும் பேர்பெற்றவர். உடற்றொழிலியல்காரனுக்கு வேறு உலகமும் இருக்கலாம் என்று அவரைப் பார்த்துத்தான் நம்பினோம். இன்றைய பிள்ளைகளுக்குக் கணினித் திரை. கோடு சுத்தமாகத்தான் வருகிறது, எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை.

ஈமோகுளோபின் அளப்பது இன்னொரு வகுப்பு. விரல் நுனியில் குத்தி, ஒரு பொட்டு இரத்தத்தை உறிஞ்சி, ஐதான அமிலம் உள்ள குழாயில் விடுவோம். சிவப்பு மாறிக் கபிலமாகும். பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துவரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து போனவனுக்கு அது அச்சொட்டாகச் சாயத்தண்ணியின், பால் சேராத தேநீரின், நிறம்.

நூலகத்தில் அந்தக் கட்டுரை கையில் பட்டதும் அந்த நாட்களில்தான். 1979ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை. எட்ஜர்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன என்று ஐந்து பெயர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரில் சோகை உள்ளவர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. ஒரு மாதம் கழித்து யார் எவ்வளவு கொழுந்து எடுக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரும்பு ஏறி ஈமோகுளோபின் கூடியவர்களின் கொழுந்தும் கூடியிருந்தது. ஈமோகுளோபின் ஆறிலிருந்து ஒன்பது கிராமுக்குள் கிடந்தவர்களுக்கே ஏற்றம் அதிகம். ஆய்வுகூடத்துக் கருவி எதற்கு, கொழுந்தின் நிறையே அளவை.

அந்த நிறையை வேறு விதமாக அறிந்த வீடு எங்களுடையது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் கூடை ஏறும். கிலோ குறைந்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி.

"என்னாம்மா, இன்னைக்கும் கொறச்சல்?"

"ஏத்தத்துல மூச்சு வாங்குதுங்கய்யா."

"எல்லாருக்குந்தான் ஏத்தம்."

கணக்கப்பிள்ளை கெட்ட மனிதரில்லை. ஆனால் அவர் சொன்னது உடற்றொழிலியல்படி தவறு. ஒரு கிராம் ஈமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசன் சுமக்கும். பன்னிரண்டு கிராம் உள்ளவளின் நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் பதினாறு மில்லிலீற்றர் என்றால், ஆறு கிராம்காரிக்கு எட்டுத்தான். மிச்சத்தை இதயம் அடித்து அடித்து ஈடுகட்ட வேண்டும். தசையில் இலத்திக் அமிலம் சீக்கிரமே சேரும். நுவரெலியா உயரத்தில் காற்றின் ஒட்சிசன் அழுத்தமே கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்திலொன்று குறைவு. செருப்பில்லாத காலில் கொக்கிப்புழு ஏறும்; ரொட்டியோடு குடிக்கும் சாயத்தண்ணி, உணவிலுள்ள கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ஏற்றம் எல்லாருக்கும் ஒன்றல்ல.

அந்தக் கட்டுரையை வாசித்த பிறகுதான் வார்டுப் பக்கம் போகாமல் உடற்றொழிலியலில் டெமன்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். லயத்தில் பெரியப்பா கேட்டார்:

"ஊசி போடுவியாப்பா?"

"இல்ல பெரியப்பா, படிச்சுக் குடுப்பேன்."

"அப்ப என்னா டாக்டரு?"

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. கிளினிக் போட்டவன் வீடு கட்டினான். எங்கள் பாதை வேறு: டெமன்ஸ்ட்ரேட்டர், தகுதிகாண் விரிவுரையாளர், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம், பிணை முறி, திரும்பி வருதல். கடைசிப் படிதான் பலருக்கு இடறியது. எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஊரில் யார் வீட்டிலும் நிம்மதி இல்லை. நான் இங்கிலாந்தில் போஸ்ட்டொக் ஆனேன். மானியம் தீரும் திகதியோடு உத்தியோகமும் தீரும். அடுத்த மானியத்துக்கு ஏற்றபடி கேள்வியையும் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வெட்டி வெட்டி, முழு மனுசியில் தொடங்கிய என் கேள்வி ஒரு கலத்தின் சவ்வில் உள்ள ஓட்டையில் வந்து நின்றது. அங்கே பல இடங்களில் உடற்றொழிலியல் துறை என்ற பலகையையே கழற்றி, பெரிய உயிரியல் பீடங்களுக்குள் கரைத்துவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டக் கட்டுரையை எழுதிய ஐவரில் சிலர் போன திசையையும் தேடிப் பார்த்தேன். பேராதனையில் மருத்துவம் கற்பித்த பிரையன் செனவிரத்ன, அந்தக் கட்டுரை வருமுன்பே, 1976இல் ஆஸ்திரேலியா போய்விட்டார். சிங்களவராகப் பிறந்தும் தமிழருக்காகப் பேசியே பலரின் கோபத்தைச் சம்பாதித்தார். லொஸ் ஏஞ்சல்ஸில் எட்ஜர்டன், முள்ளந்தண்டு முறிந்தவர்களை மின்தூண்டலால் எழுந்து நிற்கவைக்கும் ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். ஒஹிரா விண்வெளியில் தசை மெலிவதைப் படிக்கப் போனார். தொழில் வாழ்க்கை என்றால் அப்படித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு கட்டுரையின் கேள்வி மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். என் பேரில் வெளியான கட்டுரைகளில் ஒன்றாவது கொழுந்து மடுவத்துக்கு அவ்வளவு கிட்டே வந்ததில்லை. வருத்தம் என்று சொன்னால் பொய். பொறாமை.