தாங்கும் தளம்

செவித்திறன் குன்றிவரும் அப்பாவுக்குத் தாழ்சுரங்கள் மட்டும் உடல்வழி எட்டும். அதற்காகவே காரின் டிக்கியில் 25 கிலோ சப்வூஃபரை வைத்தேன். ஸ்டெப்னிக் குழியை மூடியிருந்த அட்டைப்பலகை ஒரே வாரத்தில் தொய்ந்தது. இசையைவிடக் கடகடப்பே மிஞ்சியது.

18 மி.மீ. மரைன் பிளைவுட்டை அறுத்து, அடியில் மரச்சட்டங்கள் கொடுத்து, எடை குழியைச் சுற்றியுள்ள இரும்புத் தளத்தில் இறங்குமாறு அமைத்தேன். உலோகம் தொடுமிடமெல்லாம் ஃபெல்ட் துணி. ஸ்டெப்னி வேண்டுமெனில் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் போதும்.

நாங்கள் வாழும் வில்லிங்டன் தீவும் இத்தகைய தளமே. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, துறைமுகத்தை ஆழப்படுத்த அகழ்ந்த மண்ணால் எழுந்தது. கிடங்குகளையும் ரயில்பாதையையும் சுமக்கும் அம்மண்ணை எவரும் நினைப்பதில்லை.

நேற்று அப்பா பலகைமேல் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "மிருதங்கத்தின் தொப்பி."