இரண்டு அங்குலம்

தலைநகர்த் தமிழர்களுள் மூத்தவர்களுக்குக் கரோல் பாக் என்றால் நினைவுக்கு வருபவை வேறு. வாடகைக்கு எடுத்த மாடியறை, தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, காப்பிக்கொட்டை வறுபடும் மணம், ஊரிலிருந்து வேலை தேடி வந்தவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்த உறவினர் வீடு ஆகியவையே அவர்களுடைய கரோல் பாக். நம் பிள்ளைகளுக்கோ அது மோட்டார் சைக்கிள் கடைத்தெரு. அங்குள்ள நாயிவாலா என்னும் பகுதியின் பெயரைக் கேட்டதும் தமிழ்க் காது வேறொன்றை எண்ணிச் சிரிக்கும். ஆனால் நாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு வண்டியைப் பிரித்து, வேறொரு வண்டியோ என்று ஐயுறும்படி பூட்டித் தரவல்லவர்கள் அங்கே கடைதோறும் இருக்கிறார்கள்.

என் மகள் வாயிலாகத்தான் அத்தெரு எனக்கு அறிமுகமாயிற்று. அவள் மருத்துவமனையொன்றில் செவிலி. இரவுப் பணி முடித்து விடியற்காலையில் மயூர் விகார் திரும்ப வேண்டும். பிறர் கையை எதிர்பாராமல் வந்து சேர்வதற்காகத் தன் சம்பாத்தியத்தில் அவள் வாங்கியது 2020-ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான மீட்டியார் 350. இவ்வகை வண்டியைக் குரூசர் என்கிறார்கள். கால்களை முன்னே நீட்டி, முதுகை நிமிர்த்தி, நெடுஞ்சாலையில் அவசரமின்றிச் செல்வதற்கென்று அமெரிக்காவில் உருவான மரபு அது. வண்டி பிறந்ததோ தமிழ்நாட்டில். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்ததன் பயனாகத் திருவொற்றியூரில் எழுந்த ஆலையின் வழித்தோன்றல். திருவொற்றியூரிலேயே வளர்ந்த எனக்கு, நம் ஊர்ப்பிள்ளை ஒன்று வாசலில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

ஆனால் என் மகளின் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வண்டியின் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரம். குரூசர் என்பதால் தாழ்வான இருக்கைதான். எனினும் அவளுக்குக் கால்விரல் நுனிகளே தரையைத் தொட்டன. ஒரு நாள் சிக்னலில் நிற்கையில், சாலையோரம் சரிந்திருந்த பக்கமாகக் காலை ஊன்றினாள், தரை எட்டவில்லை. ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள வண்டி மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆயினும் என் மனைவி அன்றிரவே சொல்லிவிட்டாள்: "விற்றுவிடு. உடம்பைவிட வண்டி பெரிதா?"

விற்றால் விடியற்காலைகளில் அவள் மறுபடியும் பிறர் தயவில் நிற்க வேண்டும். வைத்துக்கொண்டால் தாய்க்குத் தூக்கமில்லை. இந்த இக்கட்டுக்கு வழி தேடித்தான் நாங்கள் இருவரும் கரோல் பாக் சென்றோம்.

முதலில் நுழைந்த கடையில் இருந்த இளைஞன் வண்டியைச் சுற்றி வந்து, "முன்பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்கிவிடலாம், தீதி. காலும் ஊன்றும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்" என்றான். சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினான். 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' திரைப்படத்தில் கண்டதுபோல் முன் ஃபோர்க்கை நீட்டிச் சாய்ப்பது ஒரு நாகரிகம். அதற்கு நேர்மாறாக முன்பாகத்தைத் தாழ்த்தி, வண்டி தரையைத் தழுவிக்கொண்டு போவதுபோல் அமைப்பது மற்றொரு நாகரிகம். இரண்டாவதைத்தான் அவன் எங்களுக்குப் பரிந்துரைத்தான். அழகுதான், மறுப்பதற்கில்லை.

அதே தெருவில் சற்றுத் தள்ளி முதிய மெக்கானிக் ஒருவர் பழைய புல்லட்டின் முன்பகுதியைப் பிரித்து வைத்திருந்தார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தனர். என் மகள் அவரிடமும் கேட்டாள். அவர் தலை நிமிராமலே, "முன்னால் இறக்கினால் முன்னால்தானே இறங்கும், பேட்டி? நீ உட்காருவது பின்னால் அல்லவா?" என்றார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். மோட்டார் சைக்கிளின் முன் அதிர்வுதாங்கி என்பது ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரட்டைக் குழாய்கள். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். வில் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் அதன் துள்ளலை அடக்குகிறது. எண்ணெயால் துள்ளலை அடக்கும் இவ்வமைப்பை 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் வண்டியில் கொண்டுவந்தது. 1949-இல் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் அதைத் தன் பெரிய வண்டிகளுக்கு ஏற்றது.

இதனைத் தாழ்த்த இரண்டு வழிகள் உண்டு. குழாய்களைப் பற்றியிருக்கும் மேல் கீழ்த் தட்டுகளைத் தளர்த்திக் குழாய்களை மேலே தள்ளி மீண்டும் இறுக்குவது ஒன்று. உஸ்தாதின் முன் கிடந்த பழைய புல்லட்டில் அது இயலாது. அதில் குழாயின் தலை விளக்குக் கூட்டிலேயே திருகப்பட்டிருக்கிறது. குழாயின் உள்ளே ஒரு வளையத்தைச் சேர்த்தும் வில்லை மாற்றியும் ஃபோர்க் முழுமையாக நீளாமல் செய்வது மற்றொன்று. முதல் வழியில், பள்ளத்தில் விழும்போது மட்கார்டோ சக்கரமோ கீழ்த்தட்டில் சென்று மோதக்கூடும். ஆகவே வில்லைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கை முழுதும் அமுக்கி, இடைவெளியை அளந்து பார்த்த பின்பே துணிய வேண்டும். இரண்டாம் வழியில், தாழ்த்திய அளவுக்கு அதிர்வுதாங்கியின் ஓட்டம் குறையும். 130 மில்லிமீட்டர் ஓட்டத்தில் ஐம்பது போனால் மிஞ்சுவது எண்பது. பிரேக் பிடிக்கையில் எடை முழுவதும் முன்னே பாயும். வில் அதற்கேற்பக் கடினமாக இல்லாவிட்டால் அடிதட்டும். முகப்பு விளக்கின் ஒளி அருகிலேயே விழும். சைடு ஸ்டாண்டில் வண்டி முன்பைவிட நிமிர்ந்து நிற்பதால் காற்றுக்கே மறுபுறம் விழலாம். இவை அனைத்தையும் சரிசெய்யத் தெரிந்தவனே ஃபோர்க்கில் கை வைக்க வேண்டும் என்றார் உஸ்தாத்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் அளவுநாடாவை எடுத்தாள். முன் பின் சக்கரங்களின் அச்சுகளுக்கிடையே 1400 மில்லிமீட்டர். பின்னச்சிலிருந்து அவள் அமரும் இடம் சுமார் 450. தாயின் முன்னே மேசைமீது ஓர் அடிக்கோலை வைத்தாள். ஒரு முனை மேசையில், மறுமுனை தீப்பெட்டியின் மேல். "இந்த முனை பின்சக்கரம்; தீப்பெட்டி முன்சக்கரம், அம்மா" என்று சொல்லித் தீப்பெட்டியை உருவினாள். தீப்பெட்டி இருந்த முனை முழுதும் இறங்கியது; கோலின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் வைத்திருந்த புளியங்கொட்டை சிறிதளவே இறங்கியது. கணக்கு இதுதான்: ஃபோர்க் சாய்ந்திருப்பதால் அதில் ஐம்பது மில்லிமீட்டர் குறைத்தால் முன்பக்கம் நாற்பத்தைந்தளவு தாழும், அதில் இருக்கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ பதினைந்து. இரண்டு அங்குலம் இறக்கினால் அவள் பாதத்துக்கு வந்து சேர்வது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். முன்பக்கத்தைத் தாழ்த்துவது கண்ணுக்கு எட்டும்; காலுக்கு எட்டாது.

அதற்குக் கொடுக்கும் விலை வேறு இருக்கிறது. திரும்பும் அச்சின் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். அந்த இடைவெளிதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. என் மகள் இதைத் தன் வார்டு அனுபவத்தில் சொன்னாள்: நோயாளியைத் தள்ளிச் செல்லும் வண்டியின் சிறு சக்கரங்கள் தம் திருகாணிக்குப் பின்னே இழுபட்டு வருவதால்தான் தள்ளிய திசையில் ஒழுங்காகச் செல்கின்றன. முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தால் சாய்வு ஏறத்தாழ இரண்டு பாகை குறைந்து, அந்த இடைவெளியும் பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் வேகத்தில் நிலைகொள்ளும் பண்பு குறையும். சாய்வு மாறாமல் தாழ்த்த வேண்டுமானால் முன்னும் பின்னும் ஒரே அளவாகத் தாழ்த்த வேண்டும். அப்போது இருக்கையும் முழு அளவுக்கு இறங்கும். ஆனால் தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியும் அதே அளவுக்குப் போகும். நம் குடியிருப்புகளின் வேகத்தடைகளோ விதிப்படி கட்டியவை அல்ல. இந்தியச் சாலைக் கழகத்தின் நெறிமுறை 3.7 மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் உயரம் என்கிறது; நம் தெருவில் இருப்பதோ ஓரடி அகலச் சுவர்.

சட்டமும் இடையில் வந்தது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எந்த மாற்றம் எந்த அளவில் அதற்குள் அடங்கும் என்று வாதாடும் நிலையில், விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் முன் நிற்க யாருக்குத்தான் விருப்பம்?

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "உயரம் மட்டுமா? அகலத்தையும் பார்க்க வேண்டாமா? அகலமான முக்காலியில் உட்கார்ந்தால் தொடை விரியும், கால் நேராகக் கீழே வராது. இருக்கையின் முன்பக்கத்தைக் குறுக்கச் சொல்" என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவளின் கண் அது.

அப்படியே செய்தோம். கரோல் பாக்கில் இருக்கை தைப்பவரிடம் கொடுத்து, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சில் ஓர் அங்குலம் குறைத்து, முன்விளிம்பின் இருபுறமும் செதுக்கி, மேலுறையை மாற்றினோம். அடித்தகட்டில் கை வைக்கவில்லை. வேண்டாமென்றால் பழைய இருக்கையை மறுநாளே மாட்டிக்கொள்ளலாம். சற்றுத் தடித்த அடியுள்ள காலணியும் வாங்கினாள். இப்போது இரண்டு பாதங்களின் முன்பாதி தரையில் பதிகிறது. ஃபோர்க் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் பிள்ளைகளின் வண்டி பற்றிய வழக்கு இல்லாத வீடு அரிது. ஒரு பக்கம் "விற்றுவிடு" என்னும் அச்சம். மறுபக்கம் "இறக்கிவிடலாம்" என்னும் ஆசை. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுநாடாவை வைத்துப் பார்க்கலாம் என்பதே நான் சொல்ல விழைவது. முன்பக்கத்தைத் தாழ்த்தவே கூடாது என்று நான் வாதிடவில்லை. தாழ்த்துவது எதற்காக, அதில் கிடைப்பது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு என்று மேசையில் அமர்ந்து கணக்கிடாமல் தாழ்த்தலாகாது என்கிறேன்.

என் மனைவி இன்றும் மகள் வந்து சேரும்வரை உறங்குவதில்லை. வாசலில் அந்த ஒற்றை உருளை எஞ்சினின் ஒலி அடங்கிய பின்பே அவளுக்குக் கண் மூடும். ஆனால் விற்றுவிடு என்னும் சொல் அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.